ஐந்து வாட் வழக்கு

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, மீனவர் குப்பத்தைத் தாண்டி வலைகள் உலர்த்தும் மணல் மேட்டில், சென்ற தை மாதம் ஒரு பிற்பகலில், 33 அடி உயரமுள்ள தூண்டிற்கழி ஒன்றை என் நண்பர் ஊன்றி நிறுத்த, அதன் நுனியிலிருந்து நரம்புக்குப் பதிலாக மெல்லிய செப்புக் கம்பி ஒன்று இறங்கி, துண்டின் மேல் வைத்திருந்த டிபன் டப்பா அளவுள்ள பெட்டிக்குள் புகுவதைக் கண்டு, அருகில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"என்னா சார், கழி இவ்ளோ ஒசரமா இருக்குது, முள்ளையே காணோம்?"

"இது மீனுக்கு இல்ல தம்பி, ஆளுக்கு."

"ஆளுக்கா? எந்த ஊர் ஆளுக்கு?"

"மாட்டின பெறகுதான் தெரியும்."

நண்பர் செங்கற்பட்டுக்காரர், கொளவாய் ஏரிக்கரையை ஒட்டி வீடு. தந்தி இலாகாவில் இளமையில் சேர்ந்து, கட்டுக் கடகட என்று சாவி தட்டி மோர்ஸ் சங்கேதத்தைக் கையிலும் காதிலும் ஏற்றிக்கொண்டவர். அந்தச் சங்கேதத்தை இலாகா கைவிட்டு, 2013-ஆம் ஆண்டு ஜூலையில் தந்திச் சேவையையே தேசம் முழுவதும் நிறுத்திய பிறகும், கை மட்டும் நிறுத்தச் சம்மதிக்கவில்லை. ஆகவே அமெச்சூர் வானொலி, அதாவது சாமானியர் 'ஹாம் ரேடியோ' என்று அறிந்திருக்கும் விநோதத்தில் அடைக்கலம் புகுந்தார். இந்த விநோதத்துக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். மின்னியலிலும் விதிகளிலும் பரீட்சை எழுதித் தேற வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் எழுதலாம். தேறியவருக்கு 'வி.யூ.' என்று தொடங்கும் அழைப்புக் குறி ஒன்று கிடைக்கும். அதைச் சொல்லி உலகில் எந்த மூலையிலுள்ள உரிமக்காரருடனும் பேசலாம். ஆனால் பாட்டுப் போடக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, காசு வாங்கிக்கொண்டு பிறருடைய செய்தியைச் சுமக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் ஒலிபரப்புவது அன்று, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இதன் லட்சணம்.

இந்தக் கூட்டத்துக்குள்ளும் ஒரு சிறு கூட்டம் உண்டு. உரிமம் நூற்றுக்கணக்கான வாட் வரை அனுமதித்தாலும் ஐந்து வாட்டுக்கு மேல் போவதில்லை என்று விரதம் பூண்டவர்கள் அவர்கள். நம் வீடுகளில் இரவு முழுவதும் எரிந்துகொண்டிருந்த 'ஜீரோ வாட்' பல்பு, பெயருக்குத்தான் ஜீரோ, உண்மையில் பதினைந்து வாட் வரை குடிக்கும் என்பதை மின்சாரக் கட்டணம் கட்டிய குடும்பஸ்தர்கள் அறிவார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு சக்தியைக் கொண்டு கடல் கடந்து பேசுவது எப்படி என்று கேட்டால், விடை பெட்டியில் பாதியும் ஆகாசத்தில் பாதியுமாக இருக்கிறது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில், சூரியனின் புற ஊதாக் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற காற்று மண்டலம் ஒன்று சிற்றலைகளைக் கண்ணாடிபோல் கீழே திருப்பி அனுப்புகிறது. உப்பு நீரோ மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது. ஆகையால் செங்குத்தாக நிற்கும் கம்பியிலிருந்து புறப்படும் அலை, கடலோரத்தில், அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகவே சென்று வெகு தூரத்தில் போய் விழுகிறது. செங்கற்பட்டு மாடியை விட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி, கழியும் கையுமாக நண்பர் மாமல்லபுரத்துக்கு வருவது சிற்பம் பார்க்க அன்று.

இன்னொரு கணக்கும் உண்டு. பின்னால் வரும் வழக்கெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. அலையின் பலத்தை வானொலிக்காரர்கள் ஒன்று முதல் ஒன்பது வரை படிகளாக அளக்கிறார்கள். ஒரு படி இறங்க வேண்டுமானால் சக்தியை நாலில் ஒரு பங்காக்க வேண்டும். நூறு வாட்டை இருபத்தைந்தாக்கினால் ஒரு படி. இருபத்தைந்தை ஆறேகாலாக்கினால் இரண்டாம் படி. நூறு வாட்காரருக்கும் ஐந்து வாட்காரருக்கும் இடையே, கேட்கிறவன் காதில், இரண்டு படிக்குச் சற்று அதிகமான வித்தியாசம்தான் இருக்கிறது. இருபது மடங்கு செலவழித்தவன் இரண்டு படிதான் உயர்ந்தான் என்னும் இந்தச் செய்தியை அறிந்தவன் சிக்கனக்காரன் ஆகாமல் இருப்பது கடினம்.

வானொலித் தந்தியில் நீண்ட வாக்கியங்களுக்குப் பதிலாக வழங்கும் மூன்றெழுத்துக் குறிகள், 1912-ஆம் ஆண்டு லண்டனில் கூடிய சர்வதேச மகாநாட்டில் ஒழுங்கு பெற்றவை. அவற்றுள் ஒன்று க்யூ.ஆர்.பி. கேள்விக் குறியோடு அனுப்பினால் 'என் சக்தியைக் குறைக்கட்டுமா?' என்று பொருள்; கேள்விக் குறி இல்லாமல் அனுப்பினால் 'உன் சக்தியைக் குறை' என்று பொருள். இரண்டிலும் எதிரே ஒருவர் இருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கப்பல்களும் கரை நிலையங்களும் ஒரே அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த காலத்தில், அடுத்தவர் காதைச் செவிடாக்காமல் இருப்பதற்காக ஏற்பட்ட மரியாதைச் சொல் அது. வினைச்சொல்லாகப் பிறந்த அது, விநோதக்காரர் கையில் பெயர்ச்சொல்லாயிற்று. குறைந்த சக்தியே க்யூ.ஆர்.பி. எனப்பட்டது. பெயர்ச்சொல் ஆன கணத்திலேயே, 'குறைவு என்றால் எவ்வளவு?' என்ற கேள்வி பிறந்து, சண்டையும் பிறந்துவிட்டது.

சங்க ரூபத்தில் அந்தச் சண்டை நடந்த இடம் அமெரிக்கா. அங்கே அமெச்சூர்களுக்குச் சட்டம் ஆயிரம் வாட் வரை இடம் கொடுத்திருந்தது. கொடுத்ததை வாங்கிக்கொள்ளாத மனிதர் எந்த நாட்டிலும் குறைவாகையால், அலைவரிசைகள் சந்தைக்கடை ஆயின. 1961-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஹாரி ப்ளாம்க்விஸ்ட் என்பவர், இந்தக் கூச்சலைத் தணிக்கும் உத்தேசத்துடன், நூறு வாட்டுக்கு மேல் உபயோகிப்பதில்லை என்ற பிரதிக்ஞையை அடிப்படையாக வைத்து க்யூ.ஆர்.பி. சங்கத்தைத் தோற்றுவித்தார். ஐந்து வாட்காரர்களுக்கு இன்று நூறு வாட் என்றால் சிரிப்பு வரும். ஆனால் ஆயிரம் வாட் வைத்திருந்தவனைப் பார்த்து 'பத்தில் ஒரு பங்கு போதும் அப்பா' என்று சொன்னதை நினைத்தால், அந்தச் சிரிப்பு நியாயமில்லை என்று தெரியும். அவருடைய சங்கம் சிறிய பெட்டியைப் புகழ வந்ததன்று. பெரிய பெட்டிக்காரனின் கையைப் பிடித்து இறக்க வந்தது.

அப்படியிருக்க, அதே சங்கத்தின் நிழலில் வேறொரு ஜாதி வளர்ந்தது. ஒரு வாட், அரை வாட், அதற்கும் கீழே மில்லிவாட் என்று குறைத்துக்கொண்டே போய், எங்கே மட்டும் எட்டுகிறது பார்ப்போம் என்ற சாகசத்தில் இறங்கியவர்கள் இவர்கள். 1970-இல் இவர்களுக்கென்று 'மில்லிவாட்' என்ற பெயரிலேயே ஒரு சிறு பத்திரிகை அமெரிக்காவில் புறப்பட்டது. நூறு வாட்டைக் குறைந்த சக்தி என்று அழைப்பது, யானைக் குட்டியை எறும்பு என்று அழைப்பது போலத்தான் இவர்களுக்குத் தோன்றிற்று. சங்கத்தின் பொருளே இதனால் இரண்டாகப் பிளந்தது. கூச்சலைக் குறைப்பதே நோக்கம் என்றால், அங்கத்தினர் பெருக வேண்டும். பெருக வேண்டுமானால் நிபந்தனை எளிதாக இருக்க வேண்டும். நூறு வாட்டே சரி. சாகசமே நோக்கம் என்றால், நிபந்தனை கடினமாக இருந்தால்தான் பெருமை. ஐந்து வாட்டே சரி. முடிவில் வென்றது ஐந்து வாட். அந்தச் சங்கம் பின்னாளில் தன் எல்லையை ஐந்து வாட்டாக மாற்றிக்கொண்டது. 1974-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் டாப்ஸ் என்ற ஆங்கிலிகன் பாதிரியார் தோற்றுவித்த ஜி-க்யூ.ஆர்.பி. சங்கத்துக்கும் ஐந்து வாட்டுதான் எல்லை. இன்று உலகெங்கும் க்யூ.ஆர்.பி. என்றால் ஐந்து வாட் என்றாகிவிட்டது.

என் கட்சி தோற்றவர் கட்சி. ப்ளாம்க்விஸ்ட் அலைவரிசையின் பொது நன்மையைக் கருதினார். அவருக்குப் பின் வந்தவர்கள் தங்கள் மதிப்பெண்ணைக் கருதினார்கள். ஒரு வாட்டுக்கு ஆயிரம் மைல் என்ற கணக்கில் எட்டிப் பேசியவருக்கு அந்தச் சங்கம் ஒரு பத்திரம் வழங்குகிறது. மாமல்லபுரத்திலிருந்து தில்லி ஆயிரம் மைலுக்குச் சற்று அதிகம். ஒரு வாட்டில் தில்லியைப் பிடித்தால் நண்பர் வீட்டுக் கூடத்தில் பத்திரம் தொங்கும். இந்தத் தூர மோகத்தைப் பற்றி பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தபோது, திருக்கழுக்குன்றத்து மலையைக் கண்டதும் நண்பர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "காசியில குளிச்சிட்டு, இங்க சாப்பிட்டுட்டு, ராமேசுரம் போனதாச் சொல்றாங்களே அந்த ரெண்டு கழுகு, அதுங்கதான் எங்களுக்கெல்லாம் முன்னோடி" என்றார். அந்தக் கழுகுகள் வருவது நின்று பல வருஷங்கள் ஆகின்றன. எத்தனை வாட் செலவாயிற்று என்று கேட்டறிய வழியில்லை.

டாப்ஸ் பாதிரியார் விஷயத்தில் மட்டும் என் கட்சி அபிமானத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். அவருக்குத் தூரமும் முக்கியமன்று, எல்லையும் முக்கியமன்று. கையால் செய்வதே முக்கியம். 2019-இல் அவர் காலமாகும் வரையில், அவருடைய சங்கத்தின் 'ஸ்ப்ராட்' என்னும் காலாண்டுப் பத்திரிகை, சிறு சிறு சுற்றுப்படங்களைத் தாங்கி வெளிவந்துகொண்டிருந்தது, இப்போதும் வருகிறது. ஐந்து வாட் பெட்டியை ஒரு மனிதன் தன் மேஜை மேல், பற்றவைக்கும் கோலைக் கொண்டு தானே செய்துவிடலாம். ஐந்நூறு வாட் பெட்டியைச் செய்வது துர்லபம், ஆபத்தும் கூட. குறைந்த சக்தி என்பது இந்த வழியில் கைத்தொழிலின் வாசல் ஆகிறது.

நம் தேசத்தில் அந்த வாசலைத் திறந்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அவர் வெளியிட்ட 'பிட்எக்ஸ்' என்னும் பெட்டியின் அமைப்பு, ஐந்தாறு வாட்டில் குரலாகவே பேச வல்லது. மேல்நாட்டு அமைப்புகளில் கம்பி சுற்றுவதற்கென்று ஒரு விசேஷ வளையம் கேட்பார்கள். அது நம் ரேடியோ கடைகளில் அகப்படாது. ஃபர்ஹான் குழாய்க் கடைக்குப் போனார். தண்ணீர்க் குழாயில் போடும் வாஷர் இருக்கிறதல்லவா, அதன் மேலேயே கம்பியைச் சுற்றினார். வேலை செய்தது. வளையம் தாராளமாகக் கிடைக்கும் தேசங்களிலும் இந்தப் பெட்டியை ஆயிரக்கணக்கானவர் செய்தார்கள் என்பது, நம்மவர் மேனாட்டைப் பார்த்துச் செய்த கதைகளையே கேட்டுப் பழகிய நமக்குக் கொஞ்சம் காதுக்கு இனிய செய்தி. நண்பரின் டிபன் டப்பாவும் அந்த வமிசம்தான்; மூடியைத் திறந்து காட்டினார். பச்சை எனாமல் கம்பியைச் சுற்றியிருந்த வாஷர் ஒன்றின் விளிம்பில், எங்கள் வீட்டுக் குழாயில் நான் பல முறை திட்டியபடி மாற்றிய அதே கறுப்பு நிறம் தெரிந்தது.

பிற்பாடு, 2016-இல், பற்றவைத்து முடித்த பலகைகளாகவே பிட்எக்ஸ் கிடைக்கத் தொடங்கிற்று. ஹைதராபாத்தில் பெண்கள் குழு ஒன்று அவற்றைச் செய்து சோதித்து அனுப்பியது. விலை சொற்பம். பலகையை வாங்கி, நாலு கம்பியை இணைத்து, டப்பாவில் அடைத்துவிட்டு, 'நானே செய்தேன்' என்று ஆகாசத்தில் அறிவிப்பவர்கள் கிளம்பினார்கள். செய்வது நோக்கமா, பேசுவது நோக்கமா என்ற விவாதம் இங்கேயும் தலையெடுத்தது. கைத்தொழில்காரர் முகம் சுளித்தார். எளியவருக்கு எட்டியதே என்று மற்றவர் மகிழ்ந்தார். பரீட்சை தேறியும் சீமைப் பெட்டிக்கு லட்சம் ரூபாய் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பையன்களை நினைத்தால், முகம் சுளிக்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவும் போதாது என்று கணிப்பொறியும் வந்து சேர்ந்தது. 1993-இல் பௌதிகத்துக்கு நோபெல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லர், தாமும் ஒரு ஹாம். அவரும் ஸ்டீவ் ஃப்ராங்கியும் 2017-இல் உருவாக்கிய 'எஃப்.டி.8' என்னும் முறையில், பதினைந்து பதினைந்து விநாடிகளாக இரண்டு கணிப்பொறிகள் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. மனிதக் காதுக்கு வெறும் இரைச்சலாகப்படுவதிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்துத் திரையில் காட்டுகின்றன. ஒரு வாட்டுக்கும் குறைவான சக்தி கண்டம் விட்டுக் கண்டம் தாவுவது சாதாரணமாகிவிட்டது. சாகசக்காரர் கட்சிக்கு நேர்ந்த சோதனை இது. குறைந்த சக்தியே பெருமை என்றால் இதுவன்றோ பெருமை? ஆனால் அவர்களிலேயே பலர், 'காது கேளாததை எப்படிப் பேச்சு என்பது?' என்று கேட்கிறார்கள். என் நண்பர் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய் ஏரியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

சங்கத்தின் நோக்கம் நழுவிப்போவதற்கு அமெரிக்கா வரை போவானேன்? சென்னையிலேயே, அகில இந்திய வானொலி தோன்றுமுன்பே, சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பவர் முன்னின்று 1924 மே மாதத்தில் 'மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' என்ற ஆர்வலர் சங்கத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலை 31 அன்று அது தன் ஒலிபரப்பை ஆரம்பித்தபோது கையிலிருந்தது நாற்பது வாட் கருவி. ப்ளாம்க்விஸ்டின் சங்கத்தில் தாராளமாக அங்கத்தினராயிருக்கலாம்! ஆனால் சங்கீதம் கேட்க ஆசைப்பட்ட ஜனங்களுக்கு நாற்பது வாட் போதுமா? இருநூறு வாட் கருவி வந்தது. சக்தி ஏறினால் செலவும் ஏறும். பணமில்லாமல் 1927-இல் ஒலிபரப்பு நின்றது. கருவி சென்னை மாநகராட்சியிடம் போயிற்று. 1930 ஏப்ரல் முதல் தேதி தொடங்கி மாநகராட்சி அதை நடத்த, கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்துக் காற்று வாங்க வந்தவர்களுக்குப் பாட்டுக் கேட்பித்தார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி அந்தப் பொறுப்பை ஏற்றது. தங்களுக்குள் வானொலியைப் பயிலக் கூடிய சங்கம், ஊருக்குப் பாட்டுப் போடும் ஸ்தாபனமாகி, அந்த வெற்றியின் பாரத்திலேயே படுத்துக்கொண்டது என்று நான் இதைப் படிக்கிறேன். குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. சென்னையில் இன்று வானொலியைத் திருகுகிறவர் அந்தக் கிளப்பை நினைப்பதில்லை.

இவ்வளவு வாதத்துக்கும் நடுவே நாலாவது கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, 'ஆபத்துக் காலத்தில் உதவாத சங்கம் எதற்கு?' என்று கேட்டால், இந்தக் கரையில் யாரும் வாய் திறக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று காலையில் கடல் இங்கே முதலில் உள்வாங்கி, அதுவரை எவரும் கண்டிராத பாறைகளைக் காட்டிவிட்டு, பிறகு எழுந்து வந்தது. அதே நாளில் அந்தமானில், பல ஆண்டுகளாக அமெச்சூர்களுக்கு அடைத்திருந்த கதவை அரும்பாடுபட்டுத் திறந்துகொண்டு, அபூர்வமான அந்தத் தீவிலிருந்து உலகத்தோடு பேசும் ஆசை ஒன்றுக்காகவே போர்ட் பிளேரில் தங்கியிருந்தார் பாரதி பிரசாத் என்ற பெண்மணி. தூர மோகத்தின் உச்சம் என்று நான் பரிகசித்திருக்கக் கூடிய பயணம்தான். தொலைபேசி செத்த தீவிலிருந்து, உற்றார் உயிரோடிருக்கும் செய்தியைத் தாய்நாட்டுக்குச் சொன்னவை அவர் விநோதத்துக்காகக் கொண்டு போயிருந்த அந்தக் கருவிகளே. ஆனால் இதை வைத்துக்கொண்டு சேவையே நோக்கம் என்று தீர்ப்பெழுதுவதும் சரியாகாது. சேவைக்கென்று யாராவது முன்கூட்டியே போர்ட் பிளேரில் போய் உட்கார்ந்திருப்பார்களா? விளையாடப் போனவர் அங்கே இருந்தார் என்பதுதான் நடந்தது.

நண்பரின் கழிக்கு வருகிறேன். வெயில் சாய்ந்து, கோபுர நிழல் மணலில் நீண்ட வேளையில், அவர் காதுக் கருவியைக் கழற்றி, எல்லோருக்கும் கேட்கும்படி சிறு ஒலிபெருக்கியைத் திருப்பிவைத்தார். அலை இரைச்சலுக்கு ஊடே ஒரு மெல்லிய சீழ்க்கை விட்டுவிட்டு ஒலித்தது. பினாங்கு! எதிரே தெரியும் கடலின் அக்கரை. மாட்டிய ஆள் எந்த ஊர் என்று வலைக்கார இளைஞருக்குச் சொன்னபோது, "எங்க பாட்டன் கூடப் பொறந்தவரு பினாங்கு போயி வரவே இல்ல சார்" என்றார் அவர்.

ஐந்து வாட்டில் நண்பருடைய பலம் ஐந்தாம் படியில் கேட்பதாகப் பினாங்கு அறிவித்தது. குறைக்கட்டுமா என்று நண்பர் கேட்டார். குறை என்று பதில். ஒரு வாட்டுக்கு இறக்கினார்; நாலாம் படி. கால் வாட், மூன்றாம் படி, ஆனால் ஓர் எழுத்தும் தவறவில்லை. அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்து, மதிப்பெண் மோகம் என்று நான் எழுதியதில் பாதியை அடித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நடப்பதையெல்லாம் நண்பர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த அந்த இளைஞர்தான் இடைமறித்தார்.

"நீங்க கொறைச்சிட்டே போறீங்க. அவரு எத்தினில பேசுறாரு?"

"நூறு வாட்."

"அவரு கொறைக்க மாட்டாரா?"

நண்பர் சாவியின் மேல் விரலை வைத்தபடியே சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு அந்த மூன்றெழுத்தையும், கேள்விக் குறி போடாமல், கூடவே 'தயவுசெய்து' என்பதற்குரிய குறியையும் சேர்த்து, மெதுவாகத் தட்டினார். பினாங்கிலிருந்து சிறிது நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் சீழ்க்கை மறுபடியும் எழுந்தது. முன்னைவிடத் தணிந்து, இன்னும் தணிந்து. மூவரும் ஒலிபெருக்கியின் அருகே குனிந்துகொண்டோம்.